கேட்டதா, கேட்டதா

அந்த மேடத்துக்குப் போன் செய்ய எனக்கு இன்றும் பயம். நம்பர் இருக்கிறது. திருச்சியில் ஏதோ ஒரு மருத்துவமனையில் வேலை பார்ப்பதாகக் கேள்வி. அழைத்தால் எடுப்பார், “ம், சொல்லுங்க சார்” என்பார். நான் சொல்வேன். சொல்லி முடித்த பிறகுதான் வினையே. அந்தப் பக்கமிருந்து ஒன்றும் வராது. மூச்சு மட்டும் வரும். நாம் உண்மையிலேயே முடித்துவிட்டோமா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இடைவெளியில் எவ்வளவு பெரிய மனிதனும் இன்னும் நாலு வார்த்தை பேசிவிடுவான். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவன் வைத்திருந்த நாலு வார்த்தையாக அது இருக்கும்.

எங்கள் கல்லூரி முதல்வர் அவரிடம் முதன்முறை போனில் பேசியபோது, லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து மொட்டைமாடிக்கு ஏறிப்போனார். மலையை ஒட்டி இருக்கிற ஊர், சிக்னல் போவது எங்களுக்குப் புதிதில்லை. மாடியில் நின்றுகொண்டு “ஹலோ, ஹலோ, கேக்குதா” என்று கத்தினார். “கேக்குது சார். நீங்க சொல்ல வந்தது இன்னும் முடியலைன்னு நெனச்சேன்” என்று பதில் வந்ததாம். முதல்வர் அழைத்தது கால அட்டவணை பற்றிச் சொல்ல. பேசியது, வீட்டோடு பேச்சை நிறுத்திவிட்ட தன் மகனைப் பற்றி. ரொம்ப நேரம் கழித்து இறங்கி வந்தார். அன்று முழுக்க யாரையும் திட்டவில்லை.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் கோபப்படமாட்டார். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பார். அதைத் தாங்க என்னால் ஆகாது.

தேனிக்கு வெளியே இருக்கிற எங்கள் கல்லூரியில் உளவள ஆலோசனைத் துறைக்குத் தலைவராக வந்தார். சொந்த ஊர் ராயப்பன்பட்டி. சனிக்கிழமை மதியம் ஒரு துணிப்பையோடு கம்பம் பஸ் ஏறுவார், திங்கள் காலை வந்துவிடுவார். இதற்கு மேல் அவரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவருக்கோ எங்கள் எல்லோரைப் பற்றியும் தெரியும். தாவரவியல்காரர் ஒருவர் எங்களோடு டீ குடிக்க வருவார். “ஊர்ல மாதா கோயில்ல பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள்ள சாமியாருக்குப் பதிலா உக்காந்து ஊர்ப் பாவத்தக் கேக்க வேண்டிய அம்மா, வழி தப்பி இங்கன வந்துருச்சு. அது பக்கத்துல உக்காந்தீகன்னா நம்ம வண்டவாளம் பூராம் தண்டவாளம் ஏறிரும், சொல்லிட்டேன்” என்பார். சொன்ன மனிதரே மறுவாரம் அவர் அறையிலிருந்து கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தார். மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஆடி மாதத்தில் எந்த மகரந்தம் என்று நாங்கள் கேட்கவில்லை.

என் கதையும் அதேதான். நான் வணிகவியல். எக்செல் தெரியும் என்கிற ஒரே குற்றத்துக்காக என்னைத் தரக் கண்காணிப்புப் பிரிவில் போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து குழு வந்து கல்லூரியைப் பார்க்கிறது என்றால் காகிதம் அத்தனையும் என் தலையில். பிறவியிலேயே நான் பதற்றக்காரன். கேஸை அணைத்தோமா என்று பார்க்க வீரபாண்டி வரை போய்விட்டுத் திரும்பி வந்தவன். துறை விவரம் வாங்க அவர் அறைக்கு முதல்முறை போனேன். என்ன வேண்டும் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மின்விசிறி ஓடியது. “அவ்வளவுதான் மேடம்” என்றேன். அப்போதும் ஒன்றும் பேசவில்லை. “குழு வருதுன்னாலே எனக்குக் கை நடுங்கும் மேடம். போன தடவை கையெழுத்துப் போட முடியல. வீட்ல சொல்லல” என்று என் வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. என் மனைவிக்கே தெரியாத சங்கதி. சொன்னதும் எனக்கு அவர் மேல் எரிச்சல் வந்தது.

“எந்தக் கை” என்றார்.

“வலது.”

“ம்” என்றார். அவ்வளவுதான். விவரத்தை மறுநாள் அனுப்பிவிட்டார்.

இப்போது செல்வராணியைச் சொல்ல வேண்டும். மயிலாடும்பாறைப் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியர். வீட்டுக்காரர் முருங்கை போட்டிருக்கிறார். மேடத்தைவிட வயதில் மூத்தவர். வேலையையும் பார்த்துக்கொண்டு எங்களிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்தார். மதுரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசகர் வேலை அறிவித்திருந்தார்கள். அங்கீகாரம் உள்ள முனைவர் பட்டம் வேண்டும், ஐம்பது வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. செல்வராணிக்கு வருகிற தை மாதம் ஐம்பது முடிகிறது. ஆய்வேடு தயார். வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. “தைக்குள்ள முடிஞ்சிரும்ல சார்” என்று பார்க்கும்போதெல்லாம் என்னிடம் கேட்பார். தேதி என் கையில் இருப்பதுபோல நானும் “முடிஞ்சிரும்மா” என்பேன். சொல்லிவிட்டு ராத்திரி தூக்கம் வராது.

முடியாது போலிருந்தது. அந்த ஆண்டுதான் அங்கீகாரத்துக்கான புது விதிமுறை வந்தது. ஆலோசனைத் துறையில் முனைவர் பட்டம் என்றால் ஆய்வேடும் வகுப்புப் பாடமும் மட்டும் போதாது; களப்பயிற்சிக்கென்று தனியாகக் கிரெடிட் வேண்டும். கிரெடிட் என்பது மணிக்கணக்கு. மனசு சரியில்லை என்று வருகிறவர்களை எதிரே உட்காரவைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டிருக்க வேண்டும். அதையும் தகுதியான ஒருவர் மேற்பார்வை செய்திருக்க வேண்டும். கிரெடிட் குறைந்தால் பட்டத்துக்கு அங்கீகாரம் கிடையாது. ஏற்கனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

எங்கள் பாடத்திட்டத்திலும் களப்பயிற்சி இருந்தது. மேடத்துக்கு முன்னால் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர் தமிழ்ப் பற்று மிக்கவர். அதற்கு அவர் வைத்த பெயர் ‘கேட்பு நேரம்’. எங்கள் வணிகவியலில் கேட்பு என்றால் வரி பாக்கியைக் கட்டச் சொல்லிக் கேட்பது. அவர் எதை நினைத்து வைத்தாரோ, மாணவர்கள் கேள்வி கேட்பது என்று புரிந்துகொண்டார்கள். செல்வராணியும் அப்படித்தான். விடியற்காலையில் கம்பத்தில் போய் நிற்பார். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் குமுளி மலையேற ஜீப்புக்காகக் காத்திருக்கும் இடம் அது. வினாத்தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்பார். தூக்கம் வருகிறதா, எப்போதும் வருவதில்லையா, சில நேரம் வருவதில்லையா. பசிக்கிறதா. அழுகை வருகிறதா. வருஷக்கணக்கில் கேட்டார். ஆய்வுக்கு அந்தத் தகவல் அத்தனையும் தேவைதான். உழைப்பும் நிஜம், பனியும் நிஜம். அத்தனை மணி நேரமும் ‘கேட்பு நேரம்’ என்றுதான் பதிவாகியிருந்தது.

இதையெல்லாம் மேடம் ஒருநாள் அவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். செல்வராணி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மேடம் வழக்கம்போலப் பேசாமல் இருந்தார். செல்வராணிக்கு வேகம் குறைந்தது.

“ஒரு பொம்பள மட்டும் மேடம். தூக்கம் வராதுன்னா. எப்பவுமா, சில நேரமான்னேன். எப்பவும்னா. நான் டிக் அடிச்சேன். அவ போகல. மக போனதுல இருந்து டீச்சர்னு ஆரம்பிச்சா. அதுக்குள்ள ஜீப்பு வந்துருச்சு.”

“அப்புறம்?”

“ஏறிப் போயிட்டா மேடம். மறுநாளு நான் வேற வரிசைக்குப் போயிட்டேன்.”

மேடம் “ம்” என்றார். செல்வராணி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

நான் அட்டவணை போட்டேன். ஒரு பக்கம் புது விதிமுறை கேட்கிற கிரெடிட், மறுபக்கம் எங்களிடம் இருக்கிற கிரெடிட். ‘கேட்பு நேரம்’ அத்தனையையும் கூட்டிக் களப்பயிற்சிக்கு நேரே வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. இதில் பொய் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் நான் கேட்பேன். கேட்பு என்றால் கேட்பு. எடுத்துக்கொண்டு போய் மேடத்திடம் காட்டினேன். விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார். அந்த வரியில் விரல் நின்றது.

“சார், இது கேட்டதா, கேட்டதா?”

முதல் ‘கேட்டதா’வுக்குக் கையை என் பக்கம் நீட்டினார். இரண்டாவதுக்குத் தன் காதைத் தொட்டார்.

“ரெண்டும் ஒன்னுதான மேடம். தமிழ்ல ஒரே வார்த்தை” என்றேன்.

அவர் பேசவில்லை. நான் காத்திருந்தேன், எனக்குத் தெரிந்த அளவுக்கு. அட்டவணையைத் திருப்பிக் கொடுத்தார். அவர் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் யாராவது ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தால் அதற்கு அர்த்தம் ‘சரி, போய்ட்டு வா’ என்பதுதான். பெண் பார்க்கப் போனாலும், நிலம் பார்க்கப் போனாலும் அதுதான் வழக்கம். செல்வராணிக்குப் போன் போட்டு, “ஒன்னும் கவலப்படாதீக” என்றேன். அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

குழு வந்தது. மூன்று பேர். தலைவர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. இன்னொருவர் தட்டில் வைத்திருந்த சின்னமனூர் திராட்சையை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாமவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மையார், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படிக்கிறவர். என் அட்டவணையில் நேராக அந்த வரிக்கு வந்தார். எத்தனையோ வரி இருக்கிறது. நேராக அங்கே வந்தார்.

“கேட்பு நேரம்னு போட்டிருக்கீங்க. கேட்புன்னா என்னங்க மேடம்?”

மேடம் அவரைப் பார்த்தார். பேசவில்லை. நான் வலது கையை மேசைக்கு அடியில் கொண்டுபோய் இடது கையால் பிடித்துக்கொண்டேன். முதல்வர் தொண்டையைச் செருமினார். திராட்சைக்காரர் சாப்பிடுவதை நிறுத்தினார். அறைக்கு வெளியே பெஞ்சில் செல்வராணி உட்கார்ந்திருப்பது கதவின் கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, பட்டுச் சேலை கட்டி வந்திருந்தார்.

அப்போது அந்த அதிசயம் நடந்தது. மேடத்தின் மௌனம் எல்லோரையும் பேசவைக்கும் என்றேனே, அந்த அம்மையாரும் பேசினார்.

“இல்லீங்க, நான் தப்பா கேக்கல. வர்றவங்க சொல்றதக் காது குடுத்துக் கேக்கறதைத்தான கேட்புன்னு வெச்சிருப்பீங்க. அழகான வார்த்தைங்க. அப்படியே எடுத்துக்கலாமில்லீங்க?”

ஆண்டவனே என்று இருந்தது எனக்கு. நாங்கள் கேட்காமலே கதவைத் திறந்துவிட்டார். மேடம் தலையை ஆட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆட்டக்கூட வேண்டாம். சும்மா இருந்தால் போதும். வாழ்நாள் பூராவும் அவர் செய்து வந்த காரியம் அது. இன்னும் ஒரு நிமிஷம் செய்தால் செல்வராணிக்கு மதுரை.

“வார்த்தை சரிதாங்க” என்றார் மேடம். “நாங்க கேட்டது வேற கேட்பு.”

முதல்வர் அவர் பக்கம் திரும்பினார்.

“இதுல பாதிக்கு மேல நாங்க கேள்வி கேட்டதுங்க. அவுக பதில் சொன்னாக, நாங்க டிக் அடிச்சோம். தூக்கம் வரலன்னாக, அடுத்த கேள்விக்குப் போயிட்டோம். ஏன் வரலன்னு அவுக சொல்ல வந்தப்ப ஜீப்பு வந்துருச்சு.” அட்டவணையில் அந்த வரியைத் தொட்டார். “அத இந்தப் பக்கத்துல கூட்டக் கூடாதுங்க.”

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். தலைவருக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். தலைவர் ஏதோ எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர்கள் கேட்டதற்கெல்லாம் நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை.

துறையை மூடவில்லை. அந்த மட்டும் பிழைத்தது. ஏற்கனவே பதிவு செய்தவர்கள் குறைகிற களப்பயிற்சியை மேற்பார்வையோடு புதிதாகச் செய்துவிட்டுப் பட்டம் வாங்கலாம் என்றார்கள். செல்வராணிக்கு அது மேலும் ஒரு வருஷம். தை வந்தது, போனது. பட்டம் பின்னால் வந்துவிட்டது. மதுரை வேலை வரவில்லை.

மேடம் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சரி என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் அந்தப் பட்டுச் சேலை நினைவுக்கு வரும்.

குழுவின் முடிவு எழுத்தில் வந்த மறுநாள் செல்வராணி வந்தார். அப்போது நான் மேடத்தின் அறையில்தான் இருந்தேன், புதுக் களப்பயிற்சிக்கு அட்டவணை போடுவதற்காக. செல்வராணி உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உங்களப் பொய் சொல்லச் சொன்னேனா மேடம்? அந்தம்மாவே எடுத்துக் குடுத்தாகளாம்ல. நீங்க சும்மா இருந்திருந்தாப் போதுமே. எல்லாத்துக்கும் சும்மா இருக்கிறவுக, அன்னிக்கி மட்டும் எதுக்கு வாயத் தொறந்தீக?”

மேடம் பேசவில்லை. நான் மனசுக்குள் செல்வராணியிடம் சொன்னேன்: அம்மா, இப்போது நீங்கள் இன்னும் பேசுவீர்கள், அழுவீர்கள், இவர் “ம்” என்பார், எல்லாம் முடிந்துவிடும்.

செல்வராணி பேசவில்லை. ஒரு சொல்கூட. நாற்காலியைப் பிடித்தபடி மேடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குச் சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. இனி அடுத்தவர் முறை. இரண்டு பேருமே பேசாமல் இருக்கிற ஓர் அறையில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருப்பது என்ன கொடுமை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். என் உதட்டை நானே கடித்துக்கொண்டிருந்தேன்.

மேடத்தின் கண் முதலில் தாழ்ந்தது.

“எங்க அம்மா” என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, “சார், கொஞ்சம் வெளிய இருக்கீகளா” என்றார்.

கதவைச் சாத்திவிட்டு வராந்தாவில் நின்றேன். போகவும் மனமில்லை, நிற்கவும் முடியவில்லை. உள்ளே ஒரு குரல் மட்டும் கேட்டது. என்ன பேசுகிறது என்று பிடிபடவில்லை, ஆனால் அது மேடத்தின் குரல். நிறுத்தாமல் பேசியது. நடுவில் நின்றது, செல்வராணி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன், சொல்லவில்லை, மறுபடி மேடத்தின் குரலே. வகுப்பு மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்து போனார்கள், அடுத்த வகுப்பு தொடங்கியது. தாவரவியல்காரர் அந்த வழியாக வந்தவர் நின்று காதைத் தீட்டினார். “யாரு பேசுறா?” என்றார். சொன்னேன். நம்பவில்லை.

கதவு திறந்தபோது செல்வராணி முதலில் வந்தார். பின்னால் மேடம், முகம் கழுவியிருந்தார், நெற்றியோரம் முடி ஈரமாக இருந்தது. எனக்கு ஏதாவது நல்லது சொல்ல வேண்டும் போலிருந்தது. என் புத்தி எங்கே போகும், அட்டவணைக்குத்தான் போனது.

“மேடம், முழுசா ஒரு வகுப்பு நேரம் ஆயிருச்சு. டீச்சருக்குப் புதுக் கணக்குல இத மொத மணி நேரமாப் போட்டுரலாமா? இது கேட்டதுதான?”

அவர் என்னைப் பார்த்தார். வழக்கமான இடைவெளி. அதற்குள் நான் இன்னும் ஏதாவது உளறிவிடுவேன் என்று பயந்து உதட்டை மூடிக்கொண்டேன்.

“கேட்டதுதான் சார்” என்றார். “வந்து சொல்றவுகளும் மேற்பார்வை பாக்குறவுகளும் ஒரே ஆளா இருந்தாக் கணக்குல வராது. விதியிலயே இருக்கு. நீங்கதான எடுத்துக் காமிச்சீக.”

செல்வராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாரா அழுதாரா, இரண்டும்தான். மேடமும் லேசாகச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

செல்வராணியை என் வண்டியில் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் எனக்குக் குறுகுறுப்பு. மேடத்தின் அம்மாவுக்கு என்ன, அவர் சொல்ல வந்ததையும் யாராவது கேட்காமல் போனார்களா, அதனால்தான் அந்த ஜீப் விஷயத்தை மேடத்தால் விட முடியவில்லையா. இறங்கினதும் கேட்டுவிட்டேன்.

“என்ன சொன்னாக டீச்சர்?”

 செல்வராணி முகத்தில் கோபம் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றார். சுற்றி ஒரே இரைச்சல், ஹாரன் சத்தம், பூக்காரியின் குரல். நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். 

“இல்ல, சும்மாதான் கேட்டேன்” என்றேன். “எனக்குத்தான் மனசு ஒரு நெலைல இல்ல டீச்சர். தைக்குள்ள முடிஞ்சிரும்னு ஒங்ககிட்டச் சொல்லிச் சொல்லி. எனக்கு இந்தக் கை நடுங்கும், ஒங்களுக்குத் தெரியாது. இப்பல்லாம் குழு வராட்டியும் நடுங்குது.”

மயிலாடும்பாறை பஸ் வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. கண்டக்டர் இரண்டு தடவை ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதை விட்டால் அடுத்த பஸ் எப்போது என்று கண்டக்டருக்கே தெரியாது. செல்வராணி பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். ஏறவில்லை.